மேட்ச் முடிந்தபின் எங்கே படுப்பது?

ஆசிரியருக்கு,

சேப்பாக்கம் டிக்கெட்டுகள் பிளாக்கில் விற்கப்படுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சரி. டிக்கெட் கிடைத்துவிட்ட வெளியூர்க்காரன் அன்று ராத்திரி எங்கே படுக்கிறான் என்பதையும் ஒருமுறை எழுதுங்கள்.

1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் இரு அணிக்கும் சம ரன்னில் 'டை' ஆனதே, அந்தக் கடைசி நாள் நான் மைதானத்தில் இருந்தேன். பெரியப்பா மகன் பெல்ஸ் ரோடு மேன்ஷனில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். (அந்தத் தெருவுக்கு இப்போது பாபு ஜெகஜீவன்ராம் சாலை என்று பெயர். எங்களுக்கு அது என்றைக்கும் பெல்ஸ் ரோடுதான்.) முந்தைய ராத்திரி அவர் அறையில் ஐந்து பேர் தலையும் காலும் மாற்றிப் படுத்தோம். மறுநாள் மேத்யூஸ் பந்தில் நம் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் எல்பி ஆகி மேட்ச் முடிந்தபோது வெயில்கூட முழுதாக இறங்கவில்லை. அப்போது பஸ் நிலையம் இருந்த பாரிமுனைக்குப் போய்த் திருவள்ளுவர் பஸ் (அன்றைய அரசு வெளியூர் பஸ்) பிடித்தேன். நடுராத்திரிக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டி அப்பாவிடம் திட்டு வாங்கினேன். அறைக்கென்று ஒரு பைசா செலவில்லை.

இப்போது ஐபிஎல் ஆட்டம் தொடங்குவதே இரவு ஏழரைக்கு. முடியும்போது பதினொன்றைத் தாண்டிவிடும். தெற்கே போகும் இரவு ரயில்கள் பெரும்பாலும் அதற்குள் எழும்பூரை விட்டுக் கிளம்பியிருக்கும். பஸ் நிலையமோ 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது, 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. சேப்பாக்கத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டம் பின்னால் தள்ளிப்போக, பஸ் தெற்கே தள்ளிப்போக, நாங்கள் நடுவில் மைதானத்தை ஒட்டிய திருவல்லிக்கேணியில் மாட்டிக்கொண்டோம். லாட்ஜ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

போன ஐபிஎல்லில் மகனோடு வந்தேன். இரண்டு வாரம் முன்பே போனில் பேசி, 500 ரூபாய் ஜிபேயில் அனுப்பி, மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு லாட்ஜில் அறை சொல்லியிருந்தேன். வாடகை 900 என்றார்கள். மதியம் போய் நின்றால் மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, என் மகனின் மஞ்சள் சிஎஸ்கே சட்டையைத்தான் பார்த்தார்.

"மேட்ச்சுக்கா சார்?"

"ஆமாம், புக் பண்ணியிருக்கோம்."

நோட்டைப் புரட்டினார். "உங்க பேர் இல்லையே சார். ஒரே ஒரு ரூம் இருக்கு, 2,800."

ஜிபே ரசீதைக் காட்டினேன். "அந்த 500-ஐக் கழிச்சுக்கலாம் சார்" என்றார், ஏதோ எனக்குத் தள்ளுபடி தருவதுபோல. அவர் தலைக்கு மேலே கட்டணப் பலகை இருந்தது. அதை மறைத்து ஐபிஎல் அட்டவணை போட்ட காலண்டரை மாட்டியிருந்தார்கள்! வேறு வழியில்லாமல் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், பாத்ரூமில் கைப்பிடி உடைந்த வாளி.

அங்கே வேலை பார்த்த பையன் சொன்ன ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்களும் அங்கே வந்து அறை எடுப்பார்களாம். மொட்டை மாடியில் நின்றால் முதலில் மைதானத்தின் சத்தம் வரும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே டிவியில் அந்த சிக்ஸர் போகும். "பந்து போடுறதுக்கு முன்னாடியே எங்களுக்கு ரிசல்ட் தெரியும் சார்" என்றான். 2,800-இல் அதற்கும் ஒரு பங்கு போல.

மேட்ச் நாளில் வாடகை ஏறுவதை நான் குறை சொல்லவில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறத்தானே செய்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வாக்கை மாற்றுவதைத்தான் சொல்கிறேன். லாட்ஜ்களுக்குத் தொழில் உரிமம் கொடுப்பது மாநகராட்சி. மேட்ச் நாள் கட்டணம் இவ்வளவு என்று பலகையிலேயே எழுது, முன்பணத்துக்கு ரசீது கொடு என்று உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கேட்டால் என்ன? ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வாலாஜா சாலையில் கிளாம்பாக்கத்துக்கு நேராகப் போகிற பஸ்கள் நாலு நின்றால், எங்களில் பாதிப் பேருக்கு அறையே தேவைப்படாது.

அதுவரை என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவல்லிக்கேணியிலேயே தேடாதீர்கள். மைதானத்திலிருந்து அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்கு நடந்துவிடலாம். அடுத்த நிறுத்தமே சென்ட்ரல், அங்கே மாறினால் அதற்கடுத்தது எழும்பூர். மேட்ச் நாளில் கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் பக்கம் பெரியமேட்டிலும் எழும்பூர் பக்கம் கென்னட் லேனிலும் லாட்ஜ்கள் ஏராளம். கையில் ரயில் டிக்கெட் இருந்தால் ஸ்டேஷன் ஓய்வறையையும் ஆன்லைனில் முயன்று பார்க்கலாம். காலையில் ரத்னா கஃபே சாம்பார் இட்லிக்காக வேண்டுமானால் திருவல்லிக்கேணிக்கு வாருங்கள், அது வேறு விஷயம்.

அடுத்த தடவை மகனை வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் சட்டை, அறைச் சாவி கைக்கு வரும்வரை பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விருத்தாசலம்.