என் ஈமெயில் 'செல்லாது'ன்னு சொல்ற டெவலப்பர்களுக்கு

ஃபார்ம் எழுதுற டெவலப்பர் பெருமக்களுக்கு,

வணக்கம். ஈமெயில் செக் பண்ற அந்த ரீஜெக்ஸை, அதாவது அடிச்சது சரியான வடிவத்துல இருக்கான்னு பாக்குற அந்தக் கோடு வரியை, எங்க இருந்து காப்பி பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நேத்து ராத்திரி ஒரு சைட்ல பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மூணு வருஷமா இருக்கிற அக்கவுண்ட். ஈமெயில் முகவரில என் பேருக்கு அப்புறம் ஒரு ப்ளஸ் குறி, அதுக்கப்புறம் அந்த சைட்டோட பேரு, யாரு மூலமா குப்பை மெயில் வருதுன்னு தெரியணும்னு எல்லா இடத்துலயும் இப்படித்தான் குடுப்பேன். சேரும்போது வாங்கிக்கிட்டாங்க. நடுவுல உங்கள்ல யாரோ ஃபார்மை மாத்தி எழுதியிருக்கீங்க போல, இப்ப ரீசெட் பக்கத்துல அதையே அடிச்சா சிவப்புல "சரியான ஈமெயில் முகவரியை உள்ளிடவும்"னு வருது. எழுத்து எழுத்தா பாத்தேன், ஸ்பேஸ் ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாத்தேன், கடைசில காப்பி பேஸ்ட்டே பண்ணேன், எதுல இருந்து காப்பி பண்ணேன் தெரியுமா, அன்னிக்குக் காலைல அதே முகவரிக்கு அவங்க அனுப்பின ஆஃபர் மெயில்ல இருந்து! ஆஃபர் அனுப்ப செல்லும், நான் உள்ள போகணும்னா செல்லாது. சரி மெயிலாவது வராம இருக்கட்டும்னு அன்சப்ஸ்கிரைப் லிங்கை அழுத்தினா, யூஆர்எல்ல ப்ளஸை என்கோட் பண்ணாம, அதாவது அதுக்கான குறியீடா மாத்தாம விட்டிருக்காங்க, சர்வர் அதை ஸ்பேஸ்னு படிச்சுட்டு "இப்படி ஒரு முகவரியே எங்ககிட்ட இல்லை"ங்குது. சப்போர்ட்டுக்கு எழுதலாம்னு போனா அந்த ஃபார்ம்லயும் அதே ரீஜெக்ஸ்.

ப்ளஸ் ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. ஆர்எஃப்சின்னு இன்டர்நெட்டுக்கான விதி ஆவணங்கள் இருக்கு, 1982ல வந்த ஆர்எஃப்சி 822லயே அதுக்கு இடம் உண்டு, 2008ல வந்த 5322லயும் உண்டு, அட் குறிக்கு முன்னாடி அப்பாஸ்ட்ரஃபி, ஸ்லாஷ், ஏன் ஆச்சரியக்குறி கூட வரலாம். அந்த 822 விதியை அப்படியே ரீஜெக்ஸ்ல பிடிக்கணும்னு பெர்ல்ங்கிற புரோகிராமிங் மொழில ஒருத்தர் உக்காந்தாரு, 6000 எழுத்தைத் தாண்டிப் போச்சு, அதுவும் முகவரில அடைப்புக்குறிக்குள்ள வர்ற கமெண்ட்டை எல்லாம் முதல்ல கழட்டி எடுத்தாத்தான் வேலை செய்யும். நீங்க ஒரே வரில முடிச்சுட்டீங்க, பெரிய ஆளுங்கதான். புள்ளிக்கு அப்புறம் ரெண்டுல இருந்து நாலு எழுத்துதான்னு எழுதி வச்சவங்களும் இருக்கீங்க, ஆறு எழுத்து டாட் மியூசியம் (.museum) 2001லயே வந்தாச்சு. தமிழ் எழுத்துலயே முகவரி வச்சுக்கலாம்னு 2012ல ஆர்எஃப்சி 6531 வழி பண்ணிடுச்சு, அதை உங்க ஃபார்ம்ல போட்டா என்ன ஆகும்னு கேக்கவே பயமா இருக்கு.

இவ்வளவு கெடுபிடி பண்றீங்களே, யாராவது கீபோர்டுல கைக்கு வந்ததைத் தட்டிட்டு டாட் காம் போட்டா அது ஜம்முனு உள்ள போயிடும். அந்த மெயில்பாக்ஸ் நிஜமாவே இருக்கான்னு எந்த ரீஜெக்ஸுக்கும் தெரியாது, மெயில் அனுப்பி, அவங்க அதுல இருக்கிற லிங்கை அழுத்தினாத்தான் தெரியும். அதனால நான் கேக்கறது இவ்வளவுதான், அட் குறி இருக்கா, அதுக்கு ரெண்டு பக்கமும் ஏதாவது இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஒரு கன்ஃபர்மேஷன் மெயில் அனுப்புங்க.

உங்க பாஸ்வேர்டு கட்டத்துல ஸ்பெஷல் கேரக்டர் இல்லைன்னா விடமாட்டீங்க, ஈமெயில் கட்டத்துல இருந்தா விடமாட்டீங்க. போன் நம்பர்ல நடுவுல ஸ்பேஸ் விட்டா அதுக்கும் திட்டு, அதை எடுத்துப் போட ஒரு வரி கோடு ஆகுமா? பேரு கட்டத்தைப் பத்தி ஆரம்பிச்சா இந்த மடல் முடியாது.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. டெட்லைன், மேனேஜர், பழைய கோடு, எல்லாம் புரியுது. ஆனாலும் தயவுசெஞ்சு, சேரும்போது வாங்கிக்கிட்ட முகவரியை ரீசெட்லயும் வாங்கிக்கோங்க, சந்தேகமா இருந்தா ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க.

இப்படிக்கு,
செல்லாத முகவரிக்காரன்

பி.கு: இதை எழுதிட்டு இருக்கும்போதே அவங்ககிட்ட இருந்து இன்னொரு மெயில், "ரொம்ப நாளா உங்களைக் காணோமே"ன்னு.