முதலில் டப்பா, பிறகு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுநீர்த் தொற்றுக் கட்டுரை பயனுள்ளது. ஆனால் 'கல்ச்சர் பரிசோதனை செய்துகொள்ளவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கோளாறெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது.

எரிச்சல் தொடங்கியதும் பலர் போவது மருந்துக்கடைக்கு. ஏதோ ஒரு ஆன்டிபயாடிக், கூடவே ஒரு சிரப். சிரப் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. எரிச்சல் அடங்கியதும் மாத்திரையும் நின்றுவிடும். மறுபடி வந்த பிறகு, மிச்சமிருந்ததில் ரெண்டைப் போட்டுக்கொண்டு கல்ச்சருக்கு வருவார்கள். மருந்து கலந்த சிறுநீரில் பல சமயம் ஒன்றும் வளராது. 'நோ குரோத்' என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கிருமியே இல்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

அடுத்தது, பிடிக்கும் முறை. டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிவறைப் பக்கம் விரலை நீட்டுவதோடு பல ஆய்வகங்களின் கடமை தீர்ந்துவிடுகிறது. வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பெண்கள் இதழ்களை விரித்தும் ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளியும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. வீட்டு ஜாம் பாட்டில், எவ்வளவு கழுவினாலும், உதவாது. கத்தீட்டர் (சிறுநீர் வெளியேறச் செருகும் குழாய்) போட்டவருக்குப் பையில் தேங்கியதை ஊற்றிக் கொண்டுவரவே கூடாது.

இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள் (மூடியை இறுக்கி, ஒரு கவரில் போட்டு). ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் கிருமி இருந்தால் தொற்று என்பது 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் வகுத்த எல்லை. தொந்தரவு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் நம் வெயிலில் பஸ்ஸில் வரும் டப்பாவுக்குள், தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட சில கிருமிகளே பெருகி அந்த லட்சத்தை எட்டிவிடும். அதற்கும் ஒருவர் ஐந்து நாள் மாத்திரை சாப்பிடுவார்.

எல்லாருக்கும் கல்ச்சர் வேண்டும் என்று சொல்லவில்லை. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும், கர்ப்பமில்லாத இளம்பெண்ணுக்கு முதல் தடவை வரும் சாதாரண நீர்க்கடுப்புக்கு, அறிகுறிகளை வைத்தே மருத்துவர் நைட்ரோஃபுரான்டோயினோ ஒரே வேளைக்கு 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசினோ (இரண்டும் ஆன்டிபயாடிக்தான்) எழுதலாம். ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், திரும்பத் திரும்ப வருபவர்கள் விஷயம் வேறு. இந்தத் தொற்றில் பெரும்பாலும் சிக்குவது ஈ.கோலை என்ற குடல்வாழ் பாக்டீரியா. கடைகளில் கேட்டதும் கிடைத்துவந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது இப்போது நம் நாட்டில் பெரும்பாலும் மசிவதில்லை. எந்த மருந்துக்கு மசியும் என்பதைக் கிருமி வளர்க்கும் தட்டில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு 2 நாளாவது ஆகும்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அப்போது ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரைப் பிடித்துக் கொடுத்த கையோடு மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார், ரிப்போர்ட் வந்ததும் மாற்றிக்கொள்வார்.

இன்னொன்று. வயதானவர்களுக்கு மாஸ்டர் செக்கப்பில் 'பஸ் செல்ஸ்' (சிறுநீரில் உள்ள சீழ் அணுக்கள்) கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே பிள்ளைகள் பதறுகிறார்கள். எரிச்சலோ காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால், முதியவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு அப்படி விடக்கூடாது. தொந்தரவே இல்லாவிட்டாலும் சிகிச்சை அவசியம்.

சிறுநீர் பிடிக்கும் முறையை மட்டுமாவது அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். ஆய்வகக்காரர்கள் கத்தரித்துக் கழிவறைக் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
நாகர்கோவில்