கார்க் நகரத்திலிருந்து அண்ணனுக்கு

கார்க், அயர்லாந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று போனில் கேட்டால், "அதெல்லாம் பரவால்ல" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். நீ ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இந்த ஊருக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டேன். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடுவதால் ஊரின் நடுப்பகுதி ஒரு தீவு. எந்தப் பக்கம் போனாலும் பாலம்தான். மழை தினமும் எட்டிப் பார்க்கும், குடையைத் திருப்பிப்போடும் காற்றோடு. வார்டில் வேலை அதிகம். ஆனால் மனுஷங்க நல்லவர்கள், பேச்சுக்காரர்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பாட்டிகூட ஊர், பேர், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்காமல் விடமாட்டார்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. ரோரி கேலகர் என்று ஒரு ப்ளூஸ் ராக் கிட்டார் கலைஞர். நீ கேள்விப்பட்டிருக்கலாம். இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, "ரோரி"தான், ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல. 1995இல், 47 வயதில் காலமானவர். நகரின் நடுவே அவர் பெயரில் ஒரு சதுக்கம், அதில் அவருக்கு ஒரு சிற்பம். நகர நூலகத்தின் இசைப் பிரிவுக்கும் அவர் பெயர்தான். நான் பஸ் பிடிக்கப் போகும் மெக்கர்டின் தெருவில்தான் சிறுவயதில் இருந்திருக்கிறார், கீழே பப், மேலே வீடு.

என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒருவர், என் அண்ணன் கிட்டார் வாசிப்பான் என்று சொன்னதும், மறுநாளே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். ரோரி தன் சொந்தப் பெயரில் 1971இல் போட்ட முதல் ஆல்பம். அதன் ஐம்பதாவது ஆண்டுக்காக 2021இல் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு சிடி, ஒரு டிவிடி.

அண்ணா, இவர் ஆரம்பித்தது உன்னைப் போலத்தான். அந்தக் காலத்து அயர்லாந்தில் ஷோபேண்ட் என்று குழுக்கள் இருந்தன. எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு போட்டு, ரேடியோவில் ஓடும் ஹிட் பாட்டுகளை அச்சு அசலாக வாசித்து, கூட்டத்தை ஆடவைக்க வேண்டும். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் உங்கள் மெல்லிசைக் குழு செய்த அதே வேலை. பதினைந்து வயதில், 1963இல், இந்த ஊர்க் கடையிலேயே நூறு பவுண்டுக்கு ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரைத் தவணையில் வாங்கி, ஷோபேண்டில் வாசிக்கப் போனார். அப்புறம் 1966இல் டேஸ்ட் என்று சொந்தமாக ஒரு குழு. 1970இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் இசை விழா மேடைவரை போனார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே, மனக்கசப்பில், குழு கலைந்தது.

உன் குழு கலைந்த பிறகு நீ கிட்டாரை பீரோ மேல் ஏற்றிவிட்டாய். இந்த மனுஷன் 1971 மே மாதத்துக்குள் ஆல்பத்தையே வெளியிட்டுவிட்டார். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த இருவரைச் சேர்த்துக்கொண்டார், பேஸ் கிட்டாருக்கு ஜெரி மெக்காவாய், டிரம்ஸுக்கு வில்கர் கேம்ப்பெல். மூன்றே பேர். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்கும்போது உன் நினைவாகவே இருந்தது, அதனால் சொல்கிறேன்.

முதல் பாட்டு 'லாண்ட்ரோமேட்'. லண்டனில் அவர் குடியிருந்த இடத்துக்குக் கீழே காசு போட்டுத் துணி துவைக்கும் கடை இருந்ததாம், அதை வைத்தே ஒரு பாட்டு! நானும் வந்த புதிதில் அப்படிப்பட்ட கடையில்தான் துவைத்தேன். கதகதப்பாக இருக்கும், வீடு திரும்பவே மனசு வராது. அதே கடையிலிருந்து இப்படி முரட்டுத்தனமான ஒரு கிட்டார் ரிஃப் பிறக்கும் என்று யார் நினைப்பார்கள்? அடுத்த பாட்டு நேர்மாறு, அக்குஸ்டிக் கிட்டாரில் சலசலவென ஓடுகிறது. 'ஐ ஃபால் அபார்ட்' மெதுவாகத் தொடங்கும், சோலோ வரும்போது உனக்கு முதுகு சிலிர்க்கும், பார். கடைசிப் பாட்டில் கிட்டாரோடு சாக்ஸபோனும் அவரே ஊதுகிறார். ப்ளூஸ் ராக் என்றால் ஒரே இரைச்சலாக இருக்கும் என்ற என் எண்ணமே மாறிவிட்டது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ஆல்பத்தில் சேராமல் போன பதிவுகள்தான். அதுவரை வெளிவராத முப்பது பதிவுகள் இதில் இருக்கின்றன. ஒரே பாட்டையே விதவிதமாக வாசித்துப் பார்த்திருக்கிறார். 'அட் த பாட்டம்' என்ற பாட்டை அப்போதே முயன்றிருக்கிறார், திருப்தியில்லை போல, அது 1975இல் வேறொரு ஆல்பத்தில்தான் வந்தது. நான்கு வருஷம் காத்திருக்கிறது ஒரு பாட்டு! வராண்டாவில் உட்கார்ந்து ஒரே பிட்டை நீ திரும்பத் திரும்ப வாசிப்பாயே, அம்மா "போதும்டா" என்று சத்தம் போடுவாரே, அந்தச் சத்தத்தை நான் இதில் கேட்டேன். அசல் ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார்கள். டிரம்ஸ் அவ்வளவு பக்கத்தில் கேட்கிறது.

அவருடைய அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கதையையும் கேள். ஒருமுறை டப்ளினில் திருடுபோய், மழையில் நனைந்து, ஒரு பள்ளத்தில் கிடைத்திருக்கிறது. கடைசிவரை அதை விடவேயில்லை. படத்தில் பார்த்தேன். வியர்வை பட்டுப் பட்டு மேல் பூச்செல்லாம் உதிர்ந்து, வெறும் மரம் தெரிகிறது. 2024இல் லண்டன் ஏலத்தில் எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர்கள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். டப்ளின் போகும்போது அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

நீ தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதே, நல்ல ஹெட்போனில் கேள், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு. அப்புறம் பீரோ மேலிருந்து உன் கிட்டாரை இறக்கி, நெக் வளைந்திருக்கிறதா என்று பார். என்னோடு தங்கியிருக்கும் பெண் பொங்கலுக்கு மதுரை வருகிறாள், அவளிடம் ஸ்ட்ரிங் செட் கொடுத்தனுப்புகிறேன். ஒன்பதா பத்தா, கம்பித் தடிமன் எந்த கேஜ் என்று மட்டும் சொல். விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடும் ஒன்று சேர்த்து வைக்கிறேன். எந்த விரலில் மாட்டுவாய் என்று தெரியாததால் மோதிர விரல் அளவுக்கு வாங்குகிறேன், சரியா?

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தங்கை