ஊழியம் செய்பவர்கள் படிக்கக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபை ஊழியத்தில் பல ஆண்டுகள் இருந்த பெண்கள் நடுவயதில் மறுபடியும் படிக்கப் போவது உலக ஆசை என்றும், அந்த நேரத்தையும் நோயாளிகளுக்கே கொடுத்தால் நல்ல சாட்சியாக இருக்கும் என்றும் வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோய், எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் பதினான்கு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கும் முதியோரை வீடு தேடிச் சென்று கவனித்துவந்து, 46 வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவள் என்ற முறையில் அவருடைய கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு பாட்டிக்கு நாள்தோறும் காலையில் இன்சுலின் போடும் பொறுப்பு என்னுடையது. மருத்துவர் எழுதியது 20 யூனிட். ஒருமுறை வழக்கமான சிவப்பு மூடி ஊசி கிடைக்காமல் வீட்டார் ஆரஞ்சு மூடி ஊசியை வாங்கி வந்திருந்தார்கள். நானும் ஜெபித்துவிட்டு, 20 என்று போட்டிருந்த கோடு வரை மருந்தை இழுத்துப் போட்டேன். பத்து நாளில் கால் புண் மோசமாகி, சர்க்கரை அளவு 400-ஐத் தாண்டிய பிறகே விவரம் தெரிந்தது. சிவப்பு மூடி ஊசி, ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கானது; ஆரஞ்சு மூடி, 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. எங்களிடம் இருந்த குப்பியோ 40. ஆக, 20 என்று நினைத்துக்கொண்டு நான் போட்டதெல்லாம் வெறும் 8 யூனிட். குப்பியிலும் ஊசியின் உறையிலும் இந்த எண்கள் அச்சாகியே இருந்தன. அவற்றுக்கு என்ன பொருள் என்று கேட்கக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இதுவே தலைகீழாக நடந்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் அதே கோடு வரை இழுத்திருந்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும். அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தது தேர்வுக்குப் படித்த நாட்களில்தான்.

எங்கள் இராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் விரும்பிச் சொல்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தையை, ஆண் என்பதால், வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இதுவரை உருக்கமாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே வேலூர் மருத்துவமனைக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் அவர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், ஆண்டுக்கணக்கில் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதைப் பிள்ளைகளிடம் விவரிப்பதே இல்லை. 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் இனி நடக்க முடியாது என்ற நிலை பின்னர் சென்னை மாகாணத்தில் வந்தபோது, எழுபது வயதில் மீண்டும் அமெரிக்காவுக்குப் போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். அவருடைய படிப்பை உலக ஆசை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

வேலைக்காகத்தான் படிக்கிறோம் என்ற ஐயமும் அந்தக் கடிதத்தில் தொனித்தது. துணைச் செவிலியர் படிப்பில் சேர வயது வரம்பு 35. எனக்கு அந்தக் கதவு என்றோ மூடிவிட்டது. தேர்வுக்குப் படித்த நாட்களிலும் நான் வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. காலை ஆறு மணிக்கே கிளம்பினேன், அவ்வளவுதான். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு 80 சதவீத வருகை கட்டாயம் என்பதால், அந்த நாட்களில் மட்டும் சங்கத்தின் வேறு சகோதரிகள் எனக்குப் பதிலாகப் போனார்கள். கணக்கில் 38 மதிப்பெண்தான், ஆனாலும் தேறிவிட்டேன்.

உண்மையான சிரமம் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லாததுதான். ஞாயிறு காலை தவிர மற்ற நேரமெல்லாம் ஓய்வுநாள் பள்ளி அறைகள் பல சபைகளில் பூட்டியே கிடக்கின்றன. வார நாட்களில் மாலை ஏழு முதல் ஒன்பது வரை ஓர் அறையைத் திறந்துவைத்தால், தனித்தேர்வர்களும் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தவர்களும், அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், அங்கே வந்து படிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவராவது இல்லாத சபை அரிது. வாரம் இரண்டு நாள் அவர் வந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆயர்களும் சபைக் குழுக்களும் இதைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சுகள் சிறு பிள்ளைகளுக்குச் செய்தவை, முழங்கால் இடிக்கும். அதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராணிப்பேட்டை மாவட்டம்.