காலிக் கட்டம்

ஐயா,

கோத்தகிரியில் தேயிலை பறித்து மகளை வளர்த்தவள் நான். போன ஜூனில் பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். படிவத்தில் சாதி, மதம் இரண்டையும் மகள் காலியாக விட்டாள். "எதையாவது எழுதும்மா" என்று பேனாவைத் திரும்ப நீட்டினார் எழுத்தர். இட ஒதுக்கீடு கேட்கச் சான்றிதழ் வேண்டும், அது தெரிந்தேதான் விட்டாள். விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டாம் என்று 1973-லேயே அரசாணை வந்துவிட்டதே!

அண்ணா ஆட்சியில் 1967-ல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றானது. அதை நம்பித்தான் 1978-ல் புரோகிதர் இல்லாமல், எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் சாமந்தி மாலை மாற்றினோம். மனிதநேயத்தை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவும் சொல்கிறது. ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர்கள் இதையெல்லாம் பேசுவதில்லை. பேசுகிற கட்சி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு வாசகி, கோத்தகிரி