ரசீது எண் 1

எங்கள் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் கூட நின்ற மற்றவர்களுக்கும்,

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பழக்க தோஷம், எழுந்து ஹால் லைட்டைப் போட்டு அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போன ஐப்பசி மழையில் எங்கள் ஹால் கூரை ஒழுகி நாங்கள் பட்டது உங்களுக்கே தெரியும், அதைக் கிளற வேண்டாம்.

முதல் நன்றி யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. தரைத்தளத்து டீச்சரம்மாவுக்கு.

மொட்டைமாடியைச் சரிசெய்ய எட்டு வீடும் பணம் போடுவது பற்றிப் பேசிய கூட்டத்தில் எல்லோர் வாயிலும் 'மூணாவது மாடி ஒழுகல்' என்றுதான் வந்தது. நானும் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி, "எங்க வீட்டு ஒழுகல் விஷயமா..." என்றுதான் ஆரம்பித்தேன். ஒழுகாத வீட்டுக்காரர் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, ஐம்பதாயிரம் யாருக்கும் சும்மா வருவதில்லை. (மேல்வீட்டுக்காரர்தானே மொட்டைமாடியை அனுபவிக்கிறார் என்றவருக்கு மட்டும் ஒரு தகவல்: நாலு வருஷத்தில் நாங்கள் அங்கே வடாம் காயவைத்தது இரண்டே தடவை.) பேச்சு தடித்துக்கொண்டே போனபோது கடைசி நாற்காலியிலிருந்து டீச்சரம்மா, "எனக்கும் அதே கூரைதான். நடுவுல மூணு வீடு இருக்கு, அவ்வளவுதானே?" என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். தீர்மானமும் நிறைவேறியது. மொத்தம் மூன்றரை லட்சம். பத்திரத்தில் உள்ள யு.டி.எஸ். (மனையில் அவரவருக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) கணக்குப்படி பிரித்தால் சதுர அடிக்கு 50 ரூபாய். ஆனால் தீர்மானம் வேறு, பணம் வேறு. இரண்டு வாரம் ஆகியும் ஒருவரும் அசையவில்லை. "அவர் கொடுக்கட்டும், நான் கொடுக்கிறேன்" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டீச்சரம்மா பங்கு 25,000. மஞ்சப்பையில் கொண்டுவந்து செயலாளரிடம் கொடுத்து, ரசீது வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கிறார். பிறகு அதையே திருப்பி நீட்டி, "இதை மீட்டர் போர்டு பக்கத்துல ஒட்டிடுங்க" என்றாராம். ரசீது எண் 1. வண்டி எடுக்கப் போனாலும் மாடி ஏறினாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தது. ஒன்பதாம் நாள் எண்ணிப் பார்த்தேன், ஆறு. தன் பெயரை நாலு பேர் பார்க்கும்படி வைக்கிற ஆள் இல்லை அவர். எங்களுக்காகக் கூச்சத்தை விட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் சாக்கடை அடைத்துக்கொண்டு அவர் வீட்டுக் குளியலறைக்குள் திரும்பி வந்தபோது, "மூணாவது மாடிக்கு வராத சாக்கடைக்கு நான் ஏன் தரணும்?" என்று கேட்டவன் நான்தான். என் வீட்டுத் தண்ணீரும் அதே குழாயில்தான் இறங்குகிறது என்பது உறைக்கவே இல்லை. கொடுத்தேன், இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு. டீச்சரம்மாவுக்கு அது மறந்திருக்காது, வருகைப் பதிவேடு எழுதியே பழகியவர். ஆனால் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அவர் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கும் மொத்தமாக என் நன்றி. தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமை பற்றிய 1994 சட்டத்தையும் 2022 சட்டத்தையும் அச்செடுத்து வந்து, மொட்டைமாடி பொது இடம் என்று பொறுமையாகப் படித்துக் காட்டிய வக்கீல் சார்; ரசீது விஷயம் தெரிந்த மறு நிமிஷமே வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய முதல்மாடித் தம்பி; பங்கு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தூசியையும் இடிக்கிற சத்தத்தையும் சகித்துக்கொண்ட வாடகைக் குடும்பங்கள். மேஸ்திரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே பூசி முடித்துவிடலாம் என்று மூன்று பேர் விலை சொன்னார்கள். இவர் மட்டும்தான் மொட்டைமாடித் தரையில் பதித்திருந்த ஒரு தட்டோட்டைப் பெயர்த்து, அடியிலிருந்த செங்கல் ஜல்லியைக் கை நிறைய அள்ளிக் காட்டினார். மழை நின்று மூன்று வாரம் ஆகியும் ஈரம் கையில் ஒட்டியது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர் விட்டுத் தண்ணீர் புகுந்த இடம் ஒரு மூலை, எங்கள் ஹாலில் சொட்டிய இடம் வேறு மூலை. நனைந்த ஜல்லியை எல்லாம் எடுத்து, வாட்டம் சரிபார்த்து, வடிகுழாய் வாயை அடைத்து மூன்று நாள் தண்ணீர் தேக்கிவைத்துப் பார்த்த பிறகுதான் வெள்ளை ஓடு பதித்தார். உள்கூரைப் பூச்சும் பெயிண்டும் என் செலவு. அது நியாயம்தான்.

தரைத்தளத்து சம்ப் சுவரில் விரிசல் என்று செயலாளர் சொன்னார். கணக்குப் போடட்டும். இந்த முறை மீட்டர் போர்டில் ஒட்டுகிற முதல் ரசீது என்னுடையது. ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன்.

வாளிகள் மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. இன்னும் ரெண்டு மழை பார்த்துட்டு எடுத்து வைக்கலாம் என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி