போர்டை மாற்றும் முன் சென்சாரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏற ஏற, "ஃப்ரிட்ஜ் ஓடுது, ஆனா பால் திரிஞ்சு போகுது" என்ற புகாரும் ஏறுகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ (தானே ஐஸ் கரைக்கும்) வகை என்றால் "போர்டு போயிடுச்சு", அதாவது ஃப்ரிட்ஜை இயக்கும் மின்னணுப் பலகை கெட்டுவிட்டது, என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. சில ஆயிரம் செலவழித்துப் புதுப் போர்டு போட்டும் குறை அப்படியே நிற்கும் வீடுகள் உண்டு. உள்ளே உள்ள குளிரை அறிந்து போர்டுக்குச் சொல்லும் மிளகளவு சென்சாரையும் அதன் கம்பி இணைப்பையும் யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையும் 5 கிலோ ஓம் காட்டும் வகையும் அதிகம் புழங்குகின்றன. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சென்சார் கம்பியின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டில் உள்ள தடையும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர். கலக்கினால் அது 0 டிகிரி. சென்சார் தலையை அதில் 5 நிமிடம் அமிழ்த்தி வைத்தால், 10 கிலோ ஓம் வகை ஏறத்தாழ 27 முதல் 34 கிலோ ஓமுக்குள் காட்ட வேண்டும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மல்டிமீட்டரை 20கே (20 கிலோ ஓம் வரை காட்டும்) அளவில் வைத்தால் திரையின் இடது ஓரத்தில் வெறும் '1' நிற்கும். சென்சார் அறுந்துவிட்டது என்று நினைத்து நல்லதைத் தூக்கி எறிகிறார்கள். திருகியை 200கே அளவுக்குத் திருப்பினால் உண்மையான எண் தெரியும். மீட்டர் முனைகள் இரண்டையும் விரலால் பிடிக்கவும் கூடாது. உடம்பின் தடை கலந்து எண் குறையும்.

சென்சார் நல்லதாக இருந்தால் கனெக்டரைப் பாருங்கள். 10 கிலோ ஓம் வகையில், பச்சை பூத்த கனெக்டர் ஊசி ஒன்றில் 5 கிலோ ஓம் தடை கூடினாலே, உள்ளே இருப்பதைவிட அதிகக் குளிர் என்று போர்டு நம்பிவிடும். 4 டிகிரிக்கு வைத்த பெட்டி 8 டிகிரியிலேயே நின்றுவிடும். இன்சுலினை வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். கதவை நாலு முறை திறந்தால் அந்த எல்லையும் தாண்டிவிடும். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இது பால் திரிவதோடு போகிற விஷயமல்ல.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் புகுந்தால் தடை குறையும். உள்ளே சூடு என்று எண்ணி கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கீரை விறைக்கும், இன்சுலின் உறையும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டும். எனவே இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூட வேண்டும். டேப் மட்டும் போதவே போதாது.

மாற்றும் சென்சார் அதே மதிப்பில் இருப்பது கட்டாயம். 5 கிலோ ஓம் இடத்தில் 10 கிலோ ஓமைப் போட்டால், உள்ளே அதிகக் குளிர் என்று நம்பி போர்டு கம்ப்ரஸரைச் சீக்கிரமே நிறுத்திவிடும். பழி மறுபடி போர்டின் மேல் விழும். ஆனால் அந்த மதிப்பு எது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, தெருமுனை மெக்கானிக்குக்கும் தெரியாது. நிறுவனங்கள் 25 டிகிரி, 0 டிகிரி அளவுகளைக் கதவின் உட்புற ஸ்டிக்கரில் ஒரே வரியில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளிர்சாதன மெக்கானிக்,
ஈரோடு.